கணப்பில் எரியாத மரம்

குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு என்பது வெறும் அடுப்பன்று. வரவேற்பறையின் முகம் அது. அதைச் சுற்றி மகோகனி போன்ற உயர்ந்த மரத்தில் இழைத்த சட்டம் ஒன்று இருக்கும். கடிகாரம், குடும்பப் புகைப்படம், யாரோ கடற்கரையில் பொறுக்கி வந்த சங்கு ஆகியவை அதன் மேல் வீற்றிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பழைய கணப்புகளைப் பெயர்த்தெறிந்து வீட்டை நவீனப்படுத்துவது ஒரு மோகமாகப் பரவியது. அவ்வாறு குப்பைக்குப் போகவிருந்த, நூறாண்டைக் கடந்த ஒரு கணப்புச் சட்டம் 1963இல் லண்டனின் மேற்கு ஓரத்தில் உள்ள ஃபெல்தம் என்னும் ஊரில் பதினாறு வயதுப் பையன் ஒருவனின் கைக்கு வந்தது. பையனின் பெயர் பிரையன் மே. அந்தச் சட்டம் அவனுடைய மின்கிதாரின் கழுத்தாயிற்று. குவீன் இசைக்குழுவின் பதிவுகளில் நாம் கேட்கும், வயலினும் மனிதக் குரலும் கலந்தாற்போன்ற அந்தத் தொனி இந்தக் கழுத்தின் மேல் பிறந்ததுதான்.

கிதாரை விலைக்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அன்றைய நிலவரத்தை அறிந்தால் அந்தக் கேள்வி எழாது. டாலர் தட்டுப்பாட்டால் 1950களின் பெரும்பகுதியில் அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்ய பிரிட்டனில் தடை இருந்தது. ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வினுக்காக 1959இல் ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டபோது, தேர் வந்து நின்றதைப் பார்ப்பதுபோல் இளைஞர்கள் அதைப் பார்த்தார்கள். தடை விலகிய பிறகும் அதன் விலை நூறு பவுண்டுக்கு மேல். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி.

தந்தை ஹெரால்ட் மே விமானத் துறை அமைச்சகத்தில் மின்னணு வரைவாளர். போர்க்காலத்தில் விமானப்படையில் வானொலி இயக்கியவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாமே கட்டியவர். எந்தப் பொருள் பழுதானாலும் கடைக்குக் கொண்டுபோகாமல் மேசைக்குக் கொண்டுபோகும் தலைமுறையைச் சேர்ந்தவர். மகனின் ஏழாம் பிறந்தநாளுக்கு ஒரு சாதாரணக் கிதார் வாங்கிக் கொடுத்ததும், அதற்கு முன்பே தம்முடைய யுகுலேலி-பாஞ்சோவில் அவனுக்குச் சில சுரக்கட்டுகளைக் காட்டிக் கொடுத்ததும் அவரே. அந்தக் கிதாரில் தானே செய்த பிக்கப் ஒன்றைப் பொருத்தி, அப்பாவின் வானொலிப் பெட்டி வழியாக ஒலிபெருக்கிக் கேட்டவன் பிரையன். ஆகவே 1963 ஆகஸ்டில் இருவரும் வீட்டின் உபரி அறை ஒன்றைப் பட்டறையாக்கியபோது அது விடுமுறைப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. பையனுக்குப் பள்ளி நேரம் போக, அப்பாவுக்கு அலுவலக நேரம் போக மிஞ்சிய மாலைகளில் வேலை நடந்தது. முடிய ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆயின.

செலவான தொகை 8 பவுண்டு என்பது மே சொல்லிவரும் கணக்கு. செலவைக் குறைத்த பொருள்களின் பட்டியலை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். கழுத்துக்குக் கணப்புச் சட்டம். உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேசையின் ஓக் மரம், சுற்றிலும் பிளாக்போர்டு, மேலே மகோகனி வெனீர். உடலின் விளிம்புக்கு அலமாரித் தட்டுகளில் ஒட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. மெட்டுப் பலகையில் இடங்காட்டும் வெண்புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்திகளைத் தளர்த்தி முறுக்கும் கைப்பிடி, மிதிவண்டியில் பை தாங்கும் கம்பி. அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வெட்டிய துண்டு. (அம்மாவிடம் அனுமதி கேட்டார்களா என்பது வரலாற்றில் பதிவாகவில்லை.) கழுத்து மரத்தில் செல்லரித்த துளைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள்.

இந்தப் பட்டியலோடு நின்றுவிட்டால் கிடைத்ததை ஒட்டவைத்து ஒரு கிதார் செய்ததாக எண்ணிவிடுவோம். நடந்தது நேர்மாறு. முதலில் வடிவம் வந்தது, பொருள் பின்னால் தேடிக்கொள்ளப்பட்டது. விலை உயர்ந்த கிதார்களில் அன்று என்ன குறை என்பதை அப்பனும் மகனும் உட்கார்ந்து யோசித்தார்கள். கைப்பிடியை அழுத்தித் தந்திகளைத் தளர்த்தினால், விட்டபின் அவை பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை. தந்தி உரசும் இடமெல்லாம் சற்றே பிடித்துக்கொள்வதுதான் காரணம். எனவே உராய்வே இல்லாத அமைப்பு வேண்டும். தராசின் முள் கத்தி முனையில் நின்றாடுவதைப்போல், தந்திகளின் கடைசி முனையைத் தாங்கும் தகட்டை ஒரு கூரிய எஃகு விளிம்பின்மேல் நிறுத்தினார்கள். ஆறு தந்திகளின் இழுவிசை ஒருபுறம் முப்பது கிலோவுக்கு மேல் வரும். அதை மறுபுறமிருந்து சமன் செய்ய இரண்டு சுருள்வில்கள் வேண்டியிருந்தன. 1928ஆம் ஆண்டின் பாந்தர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு ஸ்பிரிங்குகள் சரியாகப் பொருந்தின. குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் சிறு உருளை வைத்தார்கள். தலைப்பகுதியில் தந்திகள் கோணாமல் நேராகவே பிருடைகளைச் சென்றடையுமாறு வரைந்தார்கள். வணிக நிறுவனங்கள் இந்தச் சிக்கலுக்கு இதைவிட நல்ல விடைகளைப் பரவலாக விற்பனைக்குக் கொண்டுவர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

மெட்டுகளின் இடத்தைக் குறிப்பதும் கணக்கு வேலை. வீணையில் மெழுகின்மேல் பதித்த மெட்டைக் காதுகொண்டு நகர்த்தித் திருத்தலாம். கிதாரில் ரம்பத்தால் ஒருமுறை கீறிய பள்ளம் கீறியதுதான். குதிரையிலிருந்து கழுத்தின் தலைமுனை வரை இந்தக் கிதாரின் தந்தி நீளம் 24 அங்குலம். அதை 17.817ஆல் வகுத்தால் 1.347 அங்குலம். அது முதல் மெட்டின் இடம். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில் வந்து விழும், இருபத்து நான்காவது மெட்டு முக்கால் தூரத்தில். கடைசி இரண்டு மெட்டுகளுக்கு இடையே மூன்றில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான இடைவெளிதான். அங்கே மயிரிழை பிசகினாலும் சுருதி உளறிவிடும்.

அவர்கள் தோற்ற இடமும் ஒன்று உண்டு. தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை முதலில் தாமே செய்தார்கள். 1831இல் மைக்கேல் ஃபாரடே லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கண்ட அதே தத்துவம்தான் இதற்கும் அடிப்படை: காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், அருகே அசையும் எஃகு. எக்லிப்ஸ் நிறுவனத்தின் பொத்தான் காந்தங்களை வாங்கி, மெல்லிய கம்பி சுற்றி, அரால்டைட் ஊற்றி உறைய வைத்தார்கள். ஓசை நன்றாகவே வந்தது. ஆனால் வீணையில் செய்வதுபோல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கூடவே ஒரு விநோத அரவம் எழுந்தது. காந்தத் துருவங்கள் அமைந்திருந்த விதம் அப்படி. இழுத்து வாசிக்க முடியாத கிதார் பையனுக்கு எதற்கு? கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சானிக் பிக்கப்புகள் மூன்றைக் காசு கொடுத்தே வாங்கினார்கள். வாங்கியதையும் சும்மா விடவில்லை. சுருள்கள் தாமாக அதிர்ந்து இரையாதிருக்க அவற்றுக்குள்ளும் அரால்டைட் போனது. மூன்றையும் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் இயக்க ஒரு விசையும், அலையைத் தலைகீழாக்க மற்றொரு விசையும் வைத்தார்கள். பின்னாளில் மேயின் தனிவாசிப்புகளில் நாம் கேட்கும் நிறமாற்றங்களில் பெரும்பங்கு இந்த ஆறு விசைகளுக்கு உரியது.

மெருகேற்றுவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். (மரவேலையில் கைவைத்த எவரும் இதை ஒப்புக்கொள்வர்: செதுக்கும்போது இருக்கும் உற்சாகம் உப்புத்தாளை எடுத்ததும் ஓடிவிடும்.) ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் பூச்சை ஒரு படலம் பூசி, உலரவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து வளர்த்தார்கள். மெட்டுப் பலகைக்குக் கருங்காலி வாங்க வசதியில்லை. ஓக் மரத்தையே கருமையாக்கி அதே பூச்சால் மூடினார்கள். மகோகனியின் செம்பழுப்பு மேலெழுந்து வந்தபோது கிதாருக்குப் பெயரும் கிடைத்தது: ரெட் ஸ்பெஷல்.

ஹெரால்ட் மே இந்தக் கிதாரைத் தம் மகனின் தொழிலுக்காகச் செய்யவில்லை. அறிவியல் படிக்கும் ஒரு பையனுக்குக் கைவேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருந்திருக்கும். மகனும் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்று, கோள்களிடையே மிதக்கும் தூசியைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் 1970இல் இறங்கினார். 1972இல் நேச்சர் இதழில் அவர் பெயரிட்ட கட்டுரையும் வந்தது. பிறகு ஆய்வை நிறுத்திவிட்டு மேடைக்குப் போனார். தந்தைக்கு அது இடிபோல் இறங்கியது. ஒன்றரை ஆண்டுகள் வரை இருவருக்குமிடையே பேச்சு இல்லை என்று மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டாண்டு மாலைகளை ஒரே மேசையின் இருபுறமும் கழித்தவர்கள், தாம் சேர்ந்து செய்த பொருளை முன்னிட்டே பேசாதிருந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்குத் தந்தையின் பக்கமே மனம் சாய்கிறது. தம் கையால் இழைத்த மரமே மகனை அழைத்துப் போகிறது என்றால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் குவீன் வாசித்தபோது, மகன் அவரை அழைத்துச் சென்று அமரவைத்தார். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்க, கணப்புச் சட்டமும் மேசை மரமும் பின்னல் ஊசியும் மேடை ஒளியில் நின்றன. இப்போது எனக்குப் புரிகிறது என்ற பொருள்பட ஏதோ சொன்னாராம் தந்தை. தம்முடைய வேலைப்பாடு அங்கே ஒலித்ததைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைத்தான் நான் கேட்க விரும்பியிருப்பேன். மகனைப் பற்றி அவருக்கு இருந்த கவலையில், அது அவருக்கே தோன்றாமலும் போயிருக்கலாம்.

ஹெரால்ட் 1988இல் காலமானார். 2002 ஜூன் 3 அன்று, அரசி அரியணையேறியதன் பொன்விழாவையொட்டி பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையின்மேல் நின்று பிரையன் மே நாட்டுப்பண்ணை வாசித்தபோது கையில் இருந்தது அதே கிதார். நரம்பை மீட்டப் பிளாஸ்டிக் வில்லைக்குப் பதில் அவர் பயன்படுத்துவதோ ஆறு பென்னி நாணயம். பாதியில் நின்ற ஆய்வேட்டை முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்துத் தூசு தட்டி எடுத்து, 2007இல் அதே இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபது.