உராய்வு: சேற்றில் குறைந்தாலும் செலவு, குழாயில் கூடினாலும் செலவு

திருவாரூர் ஆழித்தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. நிலையில் நிற்கும் தேரை முதலில் அசைப்பதுதான் பெரும்பாடு. முன்னால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, பின்னால் புல்டோசர் தள்ள வேண்டும். அசைந்துவிட்டால் அவ்வளவு பலம் தேவைப்படாது. ஓடும் தேரை நிறுத்த முட்டுக்கட்டையும், திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. வீதி முனையில் திருப்பும்போது சக்கரத்துக்கு அடியில் மசை தடவிய இரும்புத் தகட்டைப் போடுகிறார்கள். ஒரே தேரில் ஓரிடத்தில் உராய்வைக் கூட்டுகிறார்கள், இன்னோரிடத்தில் குறைக்கிறார்கள்.

நம் வயலிலும் இதே கணக்குதான். பிடிக்க வேண்டிய இடத்தில் உராய்வு போதாமல் டிராக்டர் சக்கரம் சும்மா சுழலும். ஓட வேண்டிய இடத்தில் உராய்வு அதிகமாகிப் பம்புசெட் திணறும். இரண்டுக்கும் டீசலிலும் நேரத்திலும் நாம்தான் கொடுக்கிறோம். சில நேரம் உயிரையே கொடுக்க நேர்கிறது.

சேற்றில் சக்கரம் ஏன் சுழல்கிறது?

உராய்வு எடையையும் பரப்பின் தன்மையையும் பொறுத்தது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்தது அல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். தார்ச்சாலைக்கு அது ஏறக்குறையச் சரி. தொழியில் அது எடுபடாது. அங்கே டயர் மண்ணின் மேல் வழுக்குவதை விட, டயரில் ஒட்டிய சேறு அடியில் உள்ள சேற்றின் மேல் வழுக்குவதே அதிகம். எவ்வளவு பரப்பில் மண்ணைப் பிடிக்கிறோம் என்பது இங்கே முக்கியமாகிவிடுகிறது.

பழைய டெல்டாவின் களிமண்ணில் இது இன்னும் கூடுதல். களித்துகள் மிக நுண்ணியது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நீர்ப்படலம் ஏறினால் துகளும் துகளும் உரசிப் பிடிக்க வழியில்லை. மணலில் அப்படி இல்லை. நனைந்தாலும் மணல் துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பு பெரிதாகக் குறையாது, தண்ணீரும் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான வயலில் சுலபமாக ஓடிய அதே வண்டி, நீடாமங்கலம் பக்கத்துக் களியில் இறங்கினால் திணறுகிறது.

ஒரு வகையில் இந்த வழுக்கலை நாமேதான் உண்டாக்குகிறோம். தொழி அடிப்பதே மண்ணின் கட்டை உடைத்து, தண்ணீர் கீழே இறங்காமல் தடுத்து, நாற்று எளிதாக வேர் பிடிக்கச் செய்வதற்குத்தான். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்த வயலில் அரை அடி, முக்கால் அடி ஆழத்தில் ஒரு கெட்டிப்படலம் இருக்கும். மேலே உள்ள குழம்புச் சேற்றைத் தாண்டி அந்தப் படலத்தின் மேல்தான் வண்டி நிற்கிறது. கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் சேற்றைக் கிழித்து இறங்கி, அகலமான பரப்பில் மண்ணை உதைத்து முன்னே போகின்றன. நெல் வயலில் ஆழ உழுது இந்தப் படலத்தைப் பல இடங்களில் உடைத்துவிட்டால், அடுத்த பட்டத்தில் வண்டி அங்கேதான் புதையும்.

ரோட்டவேட்டர் ஓட்டும்போது சக்கரம் அவ்வளவு வழுக்காததைக் கவனித்திருப்பீர்கள். அதன் பிளேடுகளே மண்ணை உதைத்து வண்டியை முன்னால் தள்ளுகின்றன. கொத்துக் கலப்பை வண்டியைப் பின்னால் இழுக்கிறது. நிலம் மிகவும் இளகியிருக்கும் நாளில் எதை மாட்டுவது என்று முடிவு செய்ய இது போதும்.

புழுதி உழவில் சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று நீங்களே அளக்கலாம். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி வையுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை ஓட்டி, போன தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடியே 10 சுற்று ஓட்டுங்கள். முதலில் 100 அடி, அடுத்து 85 அடி என்றால் வழுக்கல் 15 சதவீதம். புழுதியில் அதுவரை சரி. 75 அடிதான் வருகிறது என்றால் டீசலில் கால் பங்கு சக்கரத்தடியிலேயே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் தேய்ந்த டயர், அளவுக்கு மேல் காற்று, பின்பக்க எடை போதாமை இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். டயரில் தண்ணீர் நிரப்பியோ இரும்பு எடை மாட்டியோ பிடிப்பைக் கூட்டலாம். ஆனால் தொழிக்கு இறங்கும் முன் அந்தக் கூடுதல் எடையைக் கழற்றிவிட வேண்டும். புழுதியில் பிடிப்பைக் கூட்டிய எடை, சேற்றில் வண்டியைப் புதைக்கும்.

புதைந்த டிராக்டரில் கட்டை கட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். டிராக்டர் சேற்றில் புதைந்தால் பின்சக்கரத்தோடு ஒரு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி, கியர் போட்டு வெளியே எடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. பல முறை வண்டி வெளியே வந்துவிடும். வராத ஒரு முறைதான் ஆபத்து.

சக்கரம் சேற்றில் சும்மா சுழலும் வரை இன்ஜினின் முறுக்கு விசை வீணாகிறது, அவ்வளவுதான். கட்டை மண்ணில் பிடித்து, சக்கரமும் நகர முடியாமல் பூட்டிக்கொண்டால், அதே முறுக்கு விசை அச்சைச் சுற்றி வண்டியின் உடலையே சுழற்றும். முன்சக்கரம் மேலே எழும்பும். ஓரிரு நொடியில் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. முதல் கியரில் முறுக்கு மிக அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். பழக்கமான டிரைவர், ஒன்றும் ஆகாது என்பார்கள். இப்படிக் கவிழ்ந்த வண்டிகளை ஓட்டியவர்களும் பழக்கமானவர்களே.

சக்கரம் சுழலத் தொடங்கிய உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். மேலும் சுழற்றினால் குழி தோண்டுவதுதான் நடக்கும். கலப்பையைத் தூக்குங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது என்றால் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்து நேராக ஓட்டிப் பாருங்கள், திருப்பும் முன் அதை விட்டுவிட வேண்டும். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது பெரும்பாலும் சுலபம். அதற்கு முன் சக்கரத்தை ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் வெட்டிச் சரிவாக்கி, வைக்கோலோ தென்னை மட்டையோ போட்டால் பிடிப்பு கிடைக்கும். அதிலும் வரவில்லை என்றால் கரையில் நிற்கும் இன்னொரு வண்டியை வைத்து நீளமான கயிற்றால் இழுக்க வேண்டும். இழுக்கும் வண்டியில் கயிற்றைக் கீழே உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே, டாப் லிங்கிலோ வேறு எங்கோ மாட்டினால் அந்த வண்டியும் இதேபோல் எழும்பும். கயிறு அறுந்தால் சாட்டை போல் வீசும், பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது.

அறுவடை இயந்திரத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை தள்ளிப்போய், சம்பா அறுவடை நேரத்தில் வயல் காயாமல் இருந்தால் டயர் வண்டியைக் கூப்பிட்டுப் பயனில்லை. பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல்தான். ஆனால் அதன் எடை அகலமான பட்டையில் பரவுவதால் புதைவதும் குறைவு, பிடிப்பும் அதிகம். டயர் வண்டி போட்ட ஆழமான தடத்தைச் சமப்படுத்தும் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாடகையை ஒப்பிடுங்கள்.

வயலை விட்டுச் சாலைக்கு ஏறினால்

கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது என்று அதிகாரிகள் சொல்வது சாலை பாழாவதால் மட்டும் அல்ல. இரும்புப் பட்டையின் விளிம்பு மட்டுமே தாரைத் தொடுகிறது. ரப்பர் டயர் தரும் பிடிப்பு அதில் இல்லை, பிரேக் போட்டால் வண்டி நிற்காமல் சறுக்கும். சக்கரத்தில் ஒட்டிய களிமண்ணையும் வரப்பிலேயே தட்டிவிட்டு ஏறுங்கள். சாலையில் உதிர்ந்த களி மேல் ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் ஊற்றியது போலாகிவிடும். பின்னால் இருசக்கர வாகனத்தில் வருகிறவருக்கு அது தெரியாது.

சாலையில் காயும் நெல்லும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்கிறார்கள், களம் இல்லை, வேறு எங்கே காயவைப்பது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டயருக்கும் தாருக்கும் நடுவே நெல்மணி வந்துவிட்டால், ஒவ்வொரு மணியும் பேரிங் குண்டு போல உருளும். வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் நெல்லைப் பரப்பாதீர்கள். இரவில் குவித்து, சுற்றிலும் கல் அடுக்கிவிட்டுப் போவது எல்லாவற்றையும் விட மோசம். கோயில் திடல், பள்ளி விடுமுறை நாளில் அதன் வளாகம், வீட்டு வாசலில் தார்ப்பாய் என்று முதலில் தேடிப் பாருங்கள்.

குழாய்க்குள் உரசும் தண்ணீர்

ஆற்றில் தண்ணீர் வரும் முன் போர் வைத்துக் குறுவை நாற்று விடுபவர்களுக்கு இது. தண்ணீர் குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டே போகிறது. அந்த உராய்வைத் தாண்டித் தள்ளுவதும் மோட்டாரின் வேலைதான். வினாடிக்கு 10 லிட்டர் தண்ணீரை உள்விட்டம் 3 அங்குலம் உள்ள குழாயில் 100 மீட்டர் கொண்டுபோனால், உராய்வு மட்டுமே ஏறக்குறைய 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்குச் சமம். சமதரை வயலில் கூடத் தண்ணீரை மாடிக்கு மேல் ஏற்றுவது போன்ற வேலை அது. அதையே 4 அங்குலக் குழாயில் கொண்டுபோனால் சுமார் ஒன்றரை மீட்டர்தான். ஒரு அங்குலம் கூடியதும் உராய்வு இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. குழாய் வாங்கும்போது சில ஆயிரம் மிச்சம் பிடித்து, பிறகு ஆண்டுக்கணக்கில் டீசலாகக் கட்டுகிறோம். மின்சாரம் இலவசமாக இருப்பவர்களுக்கும் நட்டம் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் பாய வேண்டிய வயல் பாய்ந்து முடியாது.

குழாயின் அளவைச் சொல்லும்போது பி.வி.சி. குழாய்க்கு வெளிவிட்டத்தையே சொல்வார்கள், உள்ளே அதை விடக் குறைவாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். சட்டென்று மடங்கும் எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு போடுங்கள். தேவையில்லாத வளைவுகளை எடுத்துவிடுங்கள். நீள்மூழ்கி மோட்டார் இல்லாத பம்புகளில் ஃபுட் வால்வு முக்கியம். துளை சிறிதாக உள்ள மலிவான வால்வும், பாசி அடைத்த வலையும் பம்பின் வாயைக் கையால் பொத்துவது போன்றவை. தண்ணீர் விழுவதைத் தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகக் குழாய் வாயை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைப்பதும் வீண்தான்.

மாற்றம் செய்யும் முன்னும் பின்னும் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். 20 நொடி என்றால் வினாடிக்கு 10 லிட்டர். கடைக்காரர் சொல்வதை விட டிரம் சொல்வதை நம்பலாம்.

பெல்ட், கிளாண்ட், கிரீஸ்

டீசல் இன்ஜினில் ஓடும் வி-பெல்ட் புல்லியின் பக்கச் சுவர்களைத்தான் பிடிக்க வேண்டும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் தேய்ந்து கீழே இறங்கிவிட்டது, அதைச் சுருக்கி இழுத்துப் பயனில்லை. இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், ஒரு மீட்டர் இடைவெளிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வரை அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கிச் சூடாகும், அதை விட இறுகினால் பேரிங் போகும். இரண்டு பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் பாரமெல்லாம் புதியதன் மேல் விழும். ஜோடியாகவே மாற்றுங்கள்.

கயிறு வைத்த கிளாண்டில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுவது குறையல்ல. அந்தச் சொட்டுதான் தண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே மசகாக இருக்கிறது. ஒழுகலை முழுதாக நிறுத்த இறுக்கினால் தண்டு தேயும்.

விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை போட்ட காலத்தில் மாடுதான் நமக்குச் சொல்லும், இழுக்க முடியாமல் தலையை ஆட்டும். இயந்திரம் அப்படிச் சொல்லாது. நெல் அறுக்கும், அடிக்கும் இயந்திரங்களுக்குத் தேய்மானம் அதிகமாவதற்குக் காரணம் உமி. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் உள்ள அதே பொருள். உமித்தூசி என்பது பொடியாக்கிய உப்புத்தாள் போலத்தான். அறுவடைப் பருவத்தில் கையேட்டில் சொல்லியபடி தினமும் கிரீஸ் அடியுங்கள், பழைய கறுத்த கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். மூடி வைத்த சீல்டு பேரிங்குக்கு மட்டும் இது தேவையில்லை. கிரீஸ் கன்னை வைக்கும் முன் நிப்பிளின் முனையைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் அடித்தால் அதில் ஒட்டியிருக்கும் உமித்தூசியையும் நீங்களே பேரிங்குக்குள் தள்ளிவிடுகிறீர்கள்.