நத்தை ஓடும் நைட்ரஜனும்: காட்டு மண்ணுயிர்களை எதைக் கொண்டு அளப்பது?

காற்றிலிருந்து படியும் நைட்ரஜன் காட்டு மண்ணின் உயிர்களைக் குறைக்கிறதா, பெருக்குகிறதா? ஆய்வுகள் ஒரே விடை தருவதில்லை. சில இடங்களில் வில்வாலி (springtail), சிற்றுண்ணி (mite) ஆகிய நுண்ணிய மண்ணுயிர்கள் பெருகின. வேறு சில இடங்களில் அருகின. இந்த முரண்பாட்டின் வேர் கேள்வியிலேயே இருக்கிறது என்பது என் வாதம். சதுர மீட்டருக்கு எத்தனை உயிர் என்று கூட்டுவதைவிட, எந்த உயிர் இல்லாமற்போனது என்று தேட வேண்டும். நெதர்லாந்தின் வேலுவே காடுகள் இதற்குத் தக்க சான்று.

பனியுகம் விட்டுச்சென்ற மணல்மேடுகளில் வளர்ந்த காடுகள் அவை. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இயல்பிலேயே குறைவு. கால்நடைப் பண்ணைகளின் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் எழும் அம்மோனியா பல பத்தாண்டுகளாக அங்கே படிந்துவருகிறது. மண் நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. வேர்கள் எடுத்தது போக எஞ்சும் நைட்ரேட், மழைநீரோடு இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துச் செல்கிறது. நஞ்சான அலுமினியம் கரைந்து வெளிப்படுகிறது. ஊட்டமாக வந்த பொருளே மண்ணின் இருப்பைக் கரைத்துவிடுகிறது.

இந்த இழப்பை எல்லா உயிர்களும் ஒன்றுபோல் உணர்வதில்லை. வில்வாலிகளிலும் சிற்றுண்ணிகளிலும் பல இனங்கள் அமிலத்தைத் தாங்கும். நத்தையும் மரவட்டையும் பெரும்பாலான மண்புழுக்களும் தாங்கா. வில்வாலிகளும் சிற்றுண்ணிகளும் சதுர மீட்டருக்குப் பல்லாயிரம். நத்தைகளோ மிகச் சிலவே. மொத்தக் கணக்கில் நத்தையின் மறைவு கண்ணில் படாது.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பறவை. சத்தற்ற மண்ணுள்ள நெதர்லாந்துக் காடுகளில் பெரும் பட்டாணிக் குருவிகள் மெலிந்த, நுண்துளை மிகுந்த ஓடுள்ள முட்டைகளை இட்டதை யாப் கிராவெலாண்டும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் நேச்சர் இதழில் விளக்கினர். இலைப்புழுக்களில் உள்ள கால்சியம் முட்டை ஓட்டுக்குப் போதாது. உடலில் சேமித்த கால்சியமும் போதாது. அதனால் முட்டையிடும் நாட்களில் குருவி நத்தை ஓட்டைத் தேடித் தின்கிறது. நத்தை அருகிய காட்டில் ஓட்டுத் துண்டுகளைக் கூடுதலாகக் கொடுத்தபோது முட்டைக் குறைபாடு குறைந்தது. மண்ணில் படியும் அமிலத்திலிருந்து மரக்கிளையில் உள்ள கூடு வரை இத்தனை தெளிவாக நீளும் காரணச் சங்கிலியை மண்ணுயிரியலில் அரிதாகவே காண்கிறோம்.

அன்றைய அமிலப் படிவில் கந்தகத்துக்கும் பெரும் பங்குண்டே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் கந்தகம் அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டது. அம்மோனியா அந்த அளவுக்குக் குறையவில்லை. போன கால்சியம் பாறைத்துகள் சிதைந்தே பெரும்பாலும் திரும்ப வேண்டும். மணலில் அது மிக மெதுவாக நடக்கும். ஓரிரு ஆண்டுகள் மட்டும் உரம் தூவி எண்ணும் பரிசோதனைகள் இந்த நெடிய தேய்மானத்தைப் பிடிப்பதில்லை. அவற்றில் உயிர்கள் பெருகியதை வைத்து நைட்ரஜன் தீங்கற்றது என முடிவுகட்டுவது தவறு.

ஐரோப்பாவில் படிவுக்கான உச்சவரம்புகள் பெரும்பாலும் தாவரம், லைக்கன், காளான், நைட்ரேட் கசிவு ஆகியவற்றை வைத்தே வகுக்கப்படுகின்றன. சுண்ணாம்பை நம்பி வாழும் மண்ணுயிர்களுக்கும் அதில் இடம் வேண்டும். வேலுவேயில் இப்போது பாறைத்தூள் தூவிப் பார்க்கிறார்கள். சுண்ணாம்பைத் தூவினால் அது மட்கை விரைந்து சிதைத்து நைட்ரேட்டை வெளியேற்றக்கூடும். பாறைத்தூளோ மெல்லக் கரையும் என்பதே இம்முயற்சியின் அடிப்படை. அம்முயற்சி வென்றதா என்பதற்கு மண்ணின் அமிலத்தன்மையை மட்டும் அளந்தால் போதாது; அங்கே நத்தைகளையும் எண்ண வேண்டும்.