சப்-வூஃபரை எவ்வளவு கூட்டலாம்? - பாஸ் ஒலியின் கதை

1974-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் ஹாலிவுட்டில் உள்ள புகழ்பெற்ற கிரௌமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் மேற்கூரைக்குக் கீழே ஒரு வலை கட்டப்பட்டிருந்தது. சர்க்கஸ் எதுவும் நடக்கவில்லை, சினிமாதான் ஓடியது. படத்தின் ஒலியால் கூரைப்பூச்சு பெயர்ந்து ரசிகர்களின் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அந்த வலை!

படத்தின் பெயர் 'எர்த்குவேக்'. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பூகம்பம் தாக்கும் கதை. திரையில் நிலம் நடுங்கும்போது நாற்காலியும் நடுங்க வேண்டும் என்று யுனிவர்சல் நிறுவனம் விரும்பியது. செர்வின்-வேகா என்ற ஸ்பீக்கர் நிறுவனத்துடன் சேர்ந்து 'சென்சரௌண்ட்' என்ற முறையை உருவாக்கியது. மிகப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் சக்திவாய்ந்த ஆம்ப்ளிஃபயர்களும் தியேட்டருக்குள் வந்தன. அவை எழுப்பிய ஒலியில் பெரும்பகுதி காதால் கேட்பதை விட உடம்பால் உணரக் கூடியது.

மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனாலும் சென்சரௌண்டில் வந்தவை ஒரு சில படங்கள்தான். அவற்றில் ஒன்று 1978-ல் வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'. பெட்டிகள் இடத்தை அடைத்தன, பக்கத்து அரங்கில் படம் பார்ப்பவர்களுக்கும் அதிர்வு போய்ச் சேர்ந்தது. பாஸ் ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

காது ஏன் ஏமாறுகிறது?

இதற்கு விடை 1933-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை ஆராய்ந்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். எல்லா ஒலிகளையும் காது ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதுதான் அதன் சாரம். தாழ்ந்த ஒலிகள் காதுக்கு எட்ட அதிக பலம் வேண்டும்.

பின்னாளில் வந்த சர்வதேச அளவுகோலின்படி ஒரு கணக்கு பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எவ்வளவு கேட்கிறதோ, அதே அளவு கேட்க 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 78 டெசிபல் தேவை. முதல் ஒலியை 80 டெசிபலுக்கு உயர்த்தினால் இரண்டாவதற்கு ஏறக்குறைய 102 போதும். அங்கே 40 டெசிபல் ஏற்றம், இங்கே 24 மட்டுமே.

இதனால் என்ன ஆகும்? இரவில் மெதுவாகப் பாட்டு வைத்து, பாஸ் போதவில்லை என்று சப்-வூஃபரைத் திருகுகிறார் ஒருவர். மறுநாள் அதே அமைப்பில் மொத்த ஒலியை 40 டெசிபல் கூட்டுகிறார். இப்போது பாஸ் தேவைக்கு மேல் 16 டெசிபல் அதிகம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் 10 மடங்கு மின்சக்தி தேவை. 16 டெசிபல் என்றால் ஏறக்குறைய 40 மடங்கு! சிறிய ஆம்ப்ளிஃபயர் அதைத் தர முடியாமல் ஒலியைச் சிதைக்கும். ஸ்பீக்கரின் காயில் சூடேறிக் கருகும்.

எச்சரிக்கையோடு வந்த இசைத்தட்டு

1979-ல் டெலார்க் நிறுவனம் சைகோவ்ஸ்கியின் '1812' இசையை வெளியிட்டது. எரிக் கன்ஸல் நடத்த, சின்சினாட்டி இசைக்குழு வாசித்தது. இசையின் முடிவில் வரும் பீரங்கி வெடிகளுக்கு நிஜப் பீரங்கிகளையே டிஜிட்டல் முறையில் பதிவு செய்திருந்தார்கள். தட்டில் அந்த இடத்துப் பள்ளங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். பல வீடுகளில் பிளேயரின் முள் அங்கே துள்ளிக் குதித்தது.

அந்தத் தட்டின் உறையில் ஓர் எச்சரிக்கை இருந்தது. முதலில் குறைந்த ஒலியில் போட்டு, உங்கள் கருவிக்கு எது பாதுகாப்பான அளவு என்று கண்டுபிடியுங்கள் என்பது அதன் கருத்து. சென்சரௌண்ட் வலை கட்டிச் சமாளித்த விஷயத்தை ஒரு லேபிள் இரண்டு வரியில் சொல்லிவிட்டது.

சினிமாவிலிருந்து வீட்டுக்கு

1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் 70 மி.மீ. பிரதிகளில் இருந்த 6 ஒலித்தடங்களில் 2 தாழ்ந்த ஒலிக்காகவே ஒதுக்கப்பட்டன. 1987-ல் டாம்லின்சன் ஹோல்மன் '5.1' என்ற பெயரை முன்வைத்தார். அந்த '.1' என்பது சுமார் 120 ஹெர்ட்ஸ் வரை மட்டும் செல்லும் பாஸ் தடம். 1996-ல் டிவிடி வந்ததும் அந்தத் தடம் வரவேற்பறைக்குள் நுழைந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்தத் தடத்தை மற்றவற்றை விட 10 டெசிபல் கூட்டி ஒலிக்க வேண்டும் என்பது விதி. டிவிடியின் ஒலியைப் பிரிக்கும் ரிசீவர் அதைத் தானே செய்துவிடும். அதற்கு மேலும் திருகினால் சுமை இரட்டிப்பாகிறது.

சரி, எப்படி வைப்பது?

1. ரிசீவரில் பாஸ் டோனை பூஜ்யத்தில் வையுங்கள். 'லவுட்னஸ்' பொத்தானை அணைத்துவிடுங்கள். சப்-வூஃபர் திருகைக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

2. கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மற்ற ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்றால் 100 அல்லது 120.

3. ரிசீவரின் சோதனை ஒலியைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒலிமானியை வைத்து அளந்து பாருங்கள். எல்லா ஸ்பீக்கர்களும் 75 டெசிபல் காட்டினால் போதும், சப்-வூஃபரும் அதே 75-தான். மானியை 'சி' அளவையில் வைக்க வேண்டும். 'ஏ' அளவை 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துக் காட்டும். அதை நம்பிக் கூட்டினால் ஆபத்து. கைபேசிகளின் மைக் பெரும்பாலும் பாஸைக் குறைத்தே காட்டும்.

4. பெட்டியை அறையின் மூலைக்கு நகர்த்தினால் பாஸ் கூடும். அப்போது மறுபடி அளவிடுங்கள்.

5. 'டப் டப்' என்று முட்டும் சத்தமோ கருகல் வாசனையோ வந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். சத்தத்தால் கெட்ட காது திரும்பாது. கிரௌமன்ஸ் தியேட்டரில் பூச்சு விழாமல் தடுக்க வலை இருந்தது. வீட்டில் அந்த வலையின் வேலையைச் செய்ய வேண்டியது பெட்டியின் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் திருகுதான்.