எதிர்ப்பு என்னும் சொல்

பண்டை ரோமாபுரியில் அதிகாரிகளுக்கு முன்னே ஏவலர் ஒரு கோற்கட்டைச் சுமந்து செல்வர். கோல்களை இறுகப் பிணித்துக் கோடரி செருகிய அக்கட்டு, தண்டிக்கும் உரிமையின் சின்னம். கட்டு எனப் பொருள்படும் 'பாஷோ' என்னும் இத்தாலியச் சொல்லைக் கொண்டே முஸோலினி 1919-இல் மிலான் நகரில் தம் இயக்கத்துக்குப் பெயரிட்டார். அவரை எதிர்த்தோர் அப்பெயரின் முன்னே 'அன்டி' என்னும் ஒட்டைச் சேர்த்தனர். நாம் அதனைப் 'பாஸிஸ எதிர்ப்பு' என வழங்குகிறோம். விரித்தால் பாஸிஸத்துக்கு எதிர்ப்பு. நான்காம் வேற்றுமைத் தொகை. எதிரி யார் என்று இத்தொகை கூறும். எதிர்ப்பவர் எதனை வேண்டி எதிர்க்கிறார் என்று கூறாது. இக்குறை இலக்கணத்தோடு நிற்கவில்லை. ஹைதராபாத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை இதற்குச் சான்று.

நாம்பள்ளியிலுள்ள 'கோல்டன் த்ரெஷோல்ட்' சரோஜினி தேவியாரின் இல்லம் என்பதை அந்நகரில் வாழும் நம்மவர் அறிவர். அவருடைய தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயர் 1880-இல் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பெர்லினில் நம் செண்பகராமன் பிள்ளையோடு இந்திய விடுதலைக்குப் பாடுபட்டார். (பிள்ளையவர்களை எம்டன் கப்பலோடு சேர்த்துச் சொல்லும் கதை சுவையானது, சான்றுதான் போதாது.) 1927-இல் பிரஸ்ஸல்ஸில் நேருவும் கலந்துகொண்ட மாநாட்டில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் பிறந்தது. அதன் செயலாளருள் ஒருவராகச் சட்டோபாத்தியாயர் பெர்லினிலிருந்து உழைத்தார்.

1932-இல் ஜெர்மன் கம்யூனிஸ்டுகள் பாஸிஸ எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். 'அன்டிபா' என்பது அதன் சுருக்கப் பெயர். ஆயினும், ஹிட்லரை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சியினரையும் 'சமூக பாஸிஸ்டுகள்' என்றே அவர்கள் தூற்றிவந்தனர். எதிர்ப்போர் இரு கூறாகி நிற்க, 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவி ஏறினார்.

அதற்கு முன்னரே சட்டோபாத்தியாயர் சோவியத் நாட்டுக்குச் சென்றுவிட்டார். லெனின்கிராட்டில் இனவியல் நிறுவனத்தில் பணிபுரிந்தார். 1935 முதல் அந்நாடு பாஸிஸ எதிர்ப்பையே உலக முழக்கமாக எழுப்பியது. நாஜிகளின் கைக்குத் தப்பியவருக்கு அதனினும் பாதுகாப்பான புகலிடம் ஏது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1937 ஜூலையில் ஸ்டாலினின் காவலர் அவரைக் கைது செய்தனர். செப்டம்பர் 2 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கான அயல்நாட்டு அகதிகளுக்கும் அந்நாட்களில் சிறையோ சாவோ வாய்த்தது.

1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஸ்டாலின் உடன்படிக்கை செய்துகொண்டதும், சோவியத் பத்திரிகைகளிலிருந்து அந்த முழக்கம் மறைந்தது. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மானியப் படைகள் எல்லையைக் கடந்ததும் அது திரும்ப வந்தது.