இடக்கைக்கு ஒரு துப்பாக்கி

கருவி பொதுவானது, அதை எடுக்கிற கைதான் வேறுவேறு என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். சக்கிமுக்கித் துப்பாக்கியின் சரித்திரம் இந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், பிரான்ஸில், லிஸ்யூ நகரத்து மரேன் லெ பூர்ழுவா என்ற கைவினைஞர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் இந்தப் பொறி, 1840கள் வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படைகளிலும் வேட்டைக்காடுகளிலும் புழங்கியது. அவ்வளவு காலமும், சில விதிவிலக்குகள் தவிர, அது வலக்கையருக்கென்றே செய்யப்பட்டது.

பொறியின் இயக்கம் எளியது. குதிரையின் வாயில் ஒரு கல். விசையை இழுத்ததும் குதிரை முன்னால் பாய்ந்து உருக்குத் தட்டின்மேல் கல்லை உரசுகிறது. தட்டு விலக, அதன் கீழே இருக்கும் கிண்ணி திறந்துகொள்கிறது. தீப்பொறிகள் கிண்ணியில் இருக்கும் மருந்தில் விழுகின்றன. அந்த நெருப்பு குழலின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியே உள்ளே போய் உள்மருந்தைப் பற்றவைக்கிறது. இவ்வளவும் குழலின் வலப்பக்கத்தில் நடக்கிறது. வலக்கையன் துப்பாக்கியை வலத்தோளில் சார்த்திக் கன்னத்தைக் கட்டையின் இடப்பக்கம் வைக்கிறான்; அவனுக்கும் நெருப்புக்கும் நடுவே கட்டையும் குழலும் இருக்கின்றன. நொட்டாங்கைக்காரன் கன்னம் வைப்பதோ வலப்பக்கம். கிண்ணி எரிவது அவன் கண்ணுக்கு எதிரே, ஒரு சாணுக்குள். கல்லின் சில்லுகளும் கரியும் அவன் முகத்தை நோக்கி வருகின்றன. அவன் செய்யக்கூடியது இரண்டு: கண்ணை மூடிக்கொண்டு சுடுவது, அல்லது வலக்கையனாக மாறுவது. பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்திருக்க வேண்டும். படைவரிசையில் அதற்குக் கேள்வியே இல்லை. தோளோடு தோள் நெருங்கி நிற்கிற வரிசையில் எல்லாருக்கும் ஒரே அசைவு. கைக்குத் தனி வழக்கம் இருக்க முடியாது.

ஆனால் வேட்டைக்காரன் வரிசையில் நிற்பவன் அல்ல. அவன் துப்பாக்கியும் ஏன் வலக்கைத் துப்பாக்கியாகவே இருந்தது? இதற்குப் பதில் பென்ஸில்வேனியாவில் கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய, ஸ்விஸ் குடியேறிகள் தங்கள் நாட்டு வேட்டைத் துப்பாக்கியை அங்கே கொண்டுவந்தார்கள். குட்டையான, கனத்த, பெரிய குண்டு போடுகிற துப்பாக்கி அது. லான்காஸ்டரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இரண்டு தலைமுறைக்குள் அது உருமாறியது. குழல் 42, 44 அங்குலமாக நீண்டது. குண்டு அரை அங்குலத்துக்கும் கீழே சிறுத்தது. கட்டை வரியோடிய மேப்பிள் மரமாயிற்று. குழலின் உட்சுவரில் திருகுசுருளாக வெட்டிய வரிகள் குண்டைச் சுழலவைத்துக் குறி தப்பாமல் அனுப்பின. ‘கென்டக்கித் துப்பாக்கி’ என்று பின்னால் பெயர் பெற்றது பெரிதும் இங்கே செய்யப்பட்டதே.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி அமெரிக்கர் வளர்த்துக்கொண்ட கற்பனை ஒன்று உண்டு. காட்டோரத்துப் பட்டறையில் ஒற்றை மனிதன் இரும்பைக் காய்ச்சி, மரத்தைச் செதுக்கி, எல்லாவற்றையும் தன் கையால் செய்து முடித்தான் என்பது. 1969இல் வில்லியம்ஸ்பர்கில் எடுத்த ஆவணப்படம் ஒன்றில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் அப்படியே ஒரு துப்பாக்கியைத் தொடக்கத்திலிருந்து செய்து காட்டுகிறார். இரும்புப் பட்டையைச் சுருட்டிப் பற்றவைத்துக் குழலாக்குவதைப் பார்க்கையில் பிரமிப்புத்தான். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. அன்று வழக்கமாக அப்படித்தான் செய்தார்கள் என்பதற்கு அல்ல. குழல் செய்யத் தனி ஆலைகள் இருந்தன. பொறிகளில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. பர்மிங்ஹாமின் கெட்லண்ட் பெயர் பொறித்தவை இன்றும் ஏராளமான அமெரிக்கத் துப்பாக்கிகளில் காணப்படுகின்றன. மொத்தமாக வார்த்து, அரவி, பெட்டியில் அடுக்கி அனுப்பும் வியாபாரத்தில் நொட்டாங்கைக்காரனுக்கென்று தனிச் சரக்கு எதற்கு? அவனை விலக்கியது இயற்கையும் அல்ல, சம்பிரதாயமும் அல்ல; கொள்முதல் கணக்கு.

அந்தத் துப்பாக்கிகள் பிறந்ததும் வாழ்ந்ததும் உதிரிகளாலேயே. தேய்ந்த குழலின் வரிகளை மறுபடி ஆழமாக வெட்டுவார்கள். துளை சற்றே பெருகும். அதற்கேற்பப் பெரிய குண்டச்சு. பின்முனை அரித்துப்போனால் அங்கே வெட்டிக் குறைத்துப் புதுமரை போடுவார்கள். கட்டை பிளந்தால் இரும்பையும் பித்தளையையும் கழற்றிப் புதுக்கட்டையில் பதிப்பார்கள். 1775க்குப் பிறகு, சுதந்திர யுத்தத்தில், பிரெஞ்சுக் குழலும் ஆங்கிலப் பொறியும் உள்ளூர் மரமுமாகச் சேர்த்துக் கட்டிய துப்பாக்கிகள் கலகப்படையின் கையில் இருந்தன. ‘அசல்’ என்று இன்று கண்ணாடிக்குள் வைத்திருப்பவற்றில் பல ஏற்கெனவே ஒட்டுக்கள்.

இந்த வழியில் ஒரு நொட்டாங்கைக்காரன் தனக்கொரு துப்பாக்கி கட்டிக்கொள்ள முயன்றால் என்ன ஆகும்? உதிரிகளில் எது நடுநிலையானது, எது கட்சி சேர்ந்தது என்பது அப்போது தெரிந்துவிடும். எண்பட்டைக் குழலுக்குப் பக்கம் கிடையாது. வலத்துளையை மரையாணியால் அடைத்து எதிர்ப்பட்டையில் புதுத்துளை போட்டால் போதும். விசை, அதன் காப்புவளையம், அடிக்கட்டையின் பித்தளை, திணிகோல் செல்லும் வளையங்கள் இவையும் ஏறத்தாழப் பொதுவானவை. கட்டை ஆகாது. பொறிக்காகக் குடைந்த பள்ளம் வலப்பக்கம், கன்னமேடு இடப்பக்கம். குடைந்த மரத்தை நிரப்ப முடியாது. புதுமரம் எடுத்துத்தான் ஆகவேண்டும். கன்னமேடு வலத்துக்கும், எண்ணெய்த் துணி வைக்கிற பித்தளைப் பெட்டி இடத்துக்கும் இடம் மாறும்.

பொறியில்தான் சிக்கல். வலப்பொறியைத் திருப்பி வைத்தால் இடப்பொறி ஆகாது. வலதுகால் செருப்பைக் குப்புறப் போட்டாலும் இடதுகால் செருப்பு ஆகாதது போல. தகடு, குதிரை, கிண்ணி, உள்ளே இருக்கும் வில்கள் எல்லாமே கண்ணாடியில் தெரியும் பிம்பமாக மாற வேண்டும். நூறு வலப்பொறிகளை உடைத்தாலும் ஓர் இடப்பொறி தேறாது.

ஆனாலும் அப்படி ஒன்று வேறோர் இடத்தில் இருக்கத்தான் செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இரட்டைக்குழல் பறவைத் துப்பாக்கி பரவியது; ஜோசப் மான்டன் போன்ற லண்டன் கைவினைஞர்கள் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பக்கம் பக்கமாக இரண்டு குழல். ஆகவே வெளிப்பக்கங்களில் இரண்டு பொறி, ஒன்று வலம், ஒன்று இடம். அதை வாங்கிய கனவான் வலக்கையனே. இடப்பொறி அங்கே இருந்தது நொட்டாங்கைக்காரனை உத்தேசித்து அல்ல. இரண்டாவது குழலுக்கு வேறு வழி இல்லாததால். குழல் வெடித்து உடைந்துபோன அப்படியொரு துப்பாக்கியின் இடப்பாதியே, இவனுக்கு வேண்டியதைத் தருகிறது. தன் மரபு தனக்கு வைக்காத இடத்தை, வேறொரு மரபு தற்செயலாகச் செய்துவைத்திருந்ததிலிருந்து ஒருவன் எடுத்துக்கொள்கிறான். எழுதுகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

அப்படிக் கிடைப்பதும் முழுசாகக் கிடைப்பதில்லை. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரி அலெக்ஸாண்டர் ஃபோர்ஸித் காப்புரிமை பெற்ற தட்டுவெடி முறையிலிருந்து கேப்புத் துப்பாக்கி வந்தது. அதற்குப் பிறகு சக்கிமுக்கித் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் மாற்றப்பட்டன. தட்டும் கிண்ணியும் நீக்கப்பட்டன, கல்வாய்க் குதிரைக்குப் பதில் சுத்தியல் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவற்றைத் திரும்பவும் சக்கிமுக்கியாக்கினார்கள். ஜான் டில்லினின் நூல் 1924இல் வெளிவந்து, 1933இல் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம் தோன்றியபோது, புதுப்பொறி விற்பவர் இல்லை. பழைய உதிரிகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சச்சரவு தொடர்கிறது. மாற்றியதைத் திருப்புவது மீட்பா, மோசடியா? 1830களில் ஒரு விவசாயி தன் தேவைக்காகச் செய்த மாற்றமும் சரித்திரம்தானே? அதை அழித்துவிட்டு அதற்கு முந்திய காலத்தை மட்டும் அசல் என்பது சரித்திரத்தின்மேல் அக்கறை அல்ல, ஒரு குறிப்பிட்ட தேதியின்மேல் மோகம். இடக்கைத் துப்பாக்கி கட்டுபவனிடம் இந்தப் பாசாங்கு செல்லாது. அவன் கட்டுவது எந்தத் தேதிக்கும் திரும்புவதில்லை. அவனுக்கு வேண்டியது சுடக்கூடிய ஒன்று.

இந்தக் கைவினையின் அழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர முடியாது. லான்காஸ்டரின் வில்லியம் ஹென்றி துப்பாக்கிக் கைவினைஞர். பதின்வயதைத் தாண்டாத பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியனை 1756 வாக்கில் சாக்ரடீஸின் மரணத்தை வரையத் தூண்டியவர். அதே ஊரில், 1763 டிசம்பர் 27 அன்று, பாக்ஸ்டன் கும்பல் பொதுப் பணிவிடுதிக்குள் புகுந்து, அடைக்கலமாக வைக்கப்பட்டிருந்த கோனெஸ்டோகா மக்கள் பதினான்கு பேரைக் கொன்றது. குழந்தைகளும் அதில் உண்டு. பதிமூன்று நாள் முன்னால் அவர்களுடைய கிராமத்தில் ஆறு பேரைக் கொன்றிருந்தார்கள். சாக்ரடீஸும் நடந்தது, இதுவும் நடந்தது. லெனாப்பே, ஷானி மக்களும் இதே நீள்துப்பாக்கிகளை வாங்கி நன்றாகவே சுட்டார்கள் என்பதால் கணக்கு நேராகிவிடுவதில்லை. மேப்பிள் கட்டையின் வரிகளை ரசிக்கிறவன் இந்த நகரத்தின் பெயரையும் சேர்த்தே உச்சரிக்கிறான்.

இப்போது வார்ப்பில் செய்த இடப்பொறிகள் விலைக்குக் கிடைக்கின்றன. உடைந்த இரட்டைக்குழலைத் தேடி அலைய வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது. உதிரிகளைச் சேர்த்துக் கட்டுகிறவர்களில் நேர்மையானவர்கள், குழலின் அடிப்பட்டையில், கட்டைக்குள் மறையும் இடத்தில், தம் பெயரையும் கட்டிய ஆண்டையும் பொறித்துவைக்கிறார்கள். பின்னால் வாங்குகிறவன் கழற்றிப் பார்த்தால், குழல் ஒரு காலத்தது, பொறி வேறொரு காலத்தது, மரம் மூன்றாவது காலத்தது, சேர்த்தவன் இன்னான் என்று தெரிந்துகொள்ளலாம்.