கூண்டு யாருக்காக ஏறியது?

நவம்பர் பிறந்துவிட்டால் புனேயில் தமிழ்க் குடும்பங்களைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். ஊரே ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருக்கும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு "மழை விட்டுச்சா? கரண்ட் இருக்கா? தெருவுல தண்ணி நிக்குதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அவர் நம்மவர்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு மழை என்றால் ஜூன். அக்டோபரில் பருவமழை விடைபெற்றது என்று பேப்பரில் படித்ததும் குடையை மடித்துப் பரண் மேல் வைத்துவிடுவார்கள். நமக்கு அப்போதுதான் ஆரம்பம் என்பதைப் பக்கத்து சீட்டு மராத்தி நண்பருக்குப் புரியவைக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

புனேயில் இருப்பவர்கள் சிவாஜிநகரில் 'சிம்லா ஆபீஸ்' என்ற பஸ் ஸ்டாப்பைக் கடந்திருப்பீர்கள். சிம்லாவுக்கு டிக்கெட் விற்கும் இடம் என்று நினைத்த புதியவர்களை எனக்குத் தெரியும் :-) அது வானிலை ஆய்வுத் துறையின் கட்டிடம். 1875-ல் கல்கத்தாவில் தொடங்கிய துறை, 1905-ல் தலைமையகத்தை சிம்லாவுக்கு மாற்றியது. 1928-ல் அங்கிருந்து புனேவுக்கு மூட்டை கட்டியது. 1944-ல் தலைமையகம் டில்லிக்குப் போய்விட்டது. சிம்லாவிலிருந்து வந்த ஆபீஸ் என்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். கடலே இல்லாத இந்த ஊரிலும், அதற்கு முன் இமயமலை உச்சியிலும் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றி எழுதினார்களே, அந்தச் செய்தி யாருக்காக எழுதப்பட்டது?

நம் ஊர்ச் செய்திகளில் வரும் ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். "தூத்துக்குடி துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." அதென்ன கூண்டு? என் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். மழை நாட்களில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்பே "கூண்டு ஏத்திட்டாங்க" என்று சொல்வார். கிளியை அடைக்கிற கூண்டு மாதிரி எதையோ கம்பத்தில் ஏற்றுகிறார்கள் என்றுதான் சின்ன வயதில் எனக்கு எண்ணம். கிட்டத்தட்ட அதேதான். கூம்பு, உருளை வடிவத்தில் செய்த பெரிய கருப்புச் சட்டங்கள். கம்பத்தில் அவற்றை எந்த வரிசையில் தொங்கவிடுகிறார்கள் என்பதை வைத்துக் கடலில் நிற்கும் கப்பல் செய்தியைப் படித்துக்கொள்ளும். இரவில் அதே வேலையைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் செய்யும்.

இந்த யோசனை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் குளிர்காலத் தொடக்கப் புயல் ஒன்றில் வேல்ஸ் கரையோரம் உடைந்து, நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி (டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டன் இவர்தான்) 1861-ல் துறைமுகங்களுக்குத் தந்தி அடித்துக் கூம்பும் உருளையும் ஏற்றச் சொன்னார். புயலை விட வேகமாக ஓடக்கூடிய ஒன்று மனிதன் கைக்கு வந்தது தந்தியால்தான். அதற்கு முன் புயல் வந்த பிறகுதான் புயல் செய்தி வரும்.

அதற்கு முன் நம் கரையில் என்ன செய்தார்கள்? காலண்டரைப் பார்த்தார்கள். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது, திறந்த கடலில் நங்கூரம் போட வேண்டும். அக்டோபர் நடுவில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கொடியை இறக்கிவிடுவார்கள், டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். இடைப்பட்ட இரண்டு மாதம் இங்கே நிற்காதே, நின்றால் உன் பாடு என்று அர்த்தம். சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே 1746 அக்டோபரில், அந்தப் பருவத்தில், கப்பல்களோடு நின்றார். ஒரே இரவுப் புயலில் அவர் கடற்படையின் பெரும்பகுதி நாசமாயிற்று. பின்னால் சென்னைக்குத் துறைமுகம் கட்டி முடிக்கப்போகிற சமயத்தில், 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களையும் பெயர்த்துப் போட்டது. வங்கக் கடலின் நவம்பருக்குப் பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் என்ற பேதமில்லை.

சைக்ளோன் என்ற வார்த்தையே நம் பக்கத்துக் கடலில் பிறந்தது. ஹென்றி பிடிங்டன் என்ற முன்னாள் கப்பல் கேப்டன் கல்கத்தாவில் குடியேறி, புயலில் சிக்கித் திரும்பிய கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கி வாங்கிப் படித்தார். காற்று நேராக அடிக்கவில்லை, சுற்றுகிறது என்று கண்டு, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். 1848-ல் மாலுமிகளுக்கென்று ஒரு கையேடு எழுதினார். வரைபடத்தின் மேல் வைத்துப் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் கொம்புத் தகடுகள் அதோடு வந்தன. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா நதிக் கரையில் புதுத் துறைமுகம் கட்டாதீர்கள், கடல் பொங்கி வந்து அடித்துப் போகும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். கேட்கவில்லை. போர்ட் கானிங் கட்டினார்கள். 1867 நவம்பரில் புயல் வந்தது, துறைமுகத்தின் கதை சில வருடங்களில் முடிந்தது. அதைப் பார்க்கப் பிடிங்டன் இல்லை, 1858-லேயே இறந்துவிட்டார்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். 1864 அக்டோபர் 5, கல்கத்தாவில் புயல். ஹூக்ளி ஆற்றில் கடல் ஏறி வந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நின்றிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை நங்கூரத்தோடு பிடுங்கப்பட்டன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1 அன்று ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல், சுமார் முப்பதாயிரம் பேர். அடுத்த வருடமே, 1865-ல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்துவிட்டது. இந்தியாவின் எல்லாத் துறைமுகங்களுக்கும் அது வந்து சேர்ந்தது 1886-ல். நடுவில் இருபத்தோரு வருடங்கள். கப்பலும் சரக்கும் அதிகம் இருந்த இடத்துக்கு முதலில் போனது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தால் என்று நான் சொல்லவில்லை. தந்திக் கம்பி எங்கே போனதோ அங்கேதான் எச்சரிக்கையும் போக முடியும். தந்திக் கம்பி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்பதுதான் விஷயம்.

1898-ல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரி எண்கள் கொடுத்தார்கள். ஏறக்குறைய அதேதான் இன்றும். இந்த எண்களைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. எண் ஏற ஏறப் புயல் பெரிசு என்று நினைப்போம். பாதிதான் உண்மை. 1, 2 என்றால் ஆபத்து தூரக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் போகும் பாதைக்கு இடது பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலது பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கே பார்த்து வரும் புயலுக்கு வலது பக்கம் என்றால் வடக்கு. அங்கேதான் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். ஒரு கப்பல் கேப்டனுக்கு இந்த இடது வலதுதான் உயிர். நங்கூரத்தை எடுப்பதா, எந்தப் பக்கம் ஓடுவதா என்று இதை வைத்தே முடிவு செய்வார்.

கட்டுமரக்காரருக்கு இதனால் என்ன லாபம்? அவர் கரையில் இருந்தால் கம்பத்தைப் பார்ப்பார், போக மாட்டார். கடலில் இருந்தால் கம்பமே தெரியாது. அவருக்கு இருந்தது வேறு படிப்பு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு காற்று, அதன் குணம், அலையின் இரைச்சல், தண்ணீரின் நிறம். அந்தப் படிப்பு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஐந்நூறு மைலுக்கு அப்பால் உருவாகும் ஒன்றை அது முன்கூட்டிச் சொல்லாது.

கடைசியாக 11 என்று ஓர் எண் உண்டு. அது புயலின் அளவைச் சொல்வதே இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமாக ஏதோ வரப்போகிறது என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார், அவ்வளவுதான். பட்டியலிலேயே என்னைப் பயமுறுத்துவது இந்த எண்தான்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான். அங்கே ரயில்வே ஸ்டேஷன் இருந்தது, தபாலாபீஸ் இருந்தது, தலைமன்னாருக்குக் கப்பல் போகும் பாலம் இருந்தது. அந்தமான் பக்கம் உருவான அந்தப் புயல் இலங்கையைக் கடந்து, 22-ம் தேதி இரவு வந்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது கடல் அதை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. புயல் ஒன்று கடலில் இருப்பது தெரிந்திருந்தும் அந்த ரயிலை நிறுத்தும் செய்தி எதுவும் அந்த டிரைவரை எட்டவில்லை.

அதற்குப் பிறகு வேகமாக நிறைய மாறியது. 1970-ல் விசாகப்பட்டினத்தில் முதல் புயல் ரேடார். 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவில் பத்தாயிரம் பேருக்கு மேல் போன பிறகு எச்சரிக்கை முறையே திருத்தப்பட்டது. 1999-ல் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013-ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள், உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. இது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் கரையில் இருப்பவர்களின் கணக்கு.

கடலில் இருப்பவர்களின் கணக்கு 2017 நவம்பர் 30 அன்று தெரிந்தது. ஓக்கி, குமரிக் கடலில், கரைக்கு மிக அருகில், ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாறியது. புயல் என்று அறிவித்தது 30-ம் தேதிதான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். அவர்களில் பலர் பல நாட்களுக்கு முன்பே போய்விட்டார்கள். கடலுக்குப் போகாதீர்கள் என்ற செய்தி ஏற்கெனவே போனவருக்கு எதற்கு? செல்ஃபோன் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். வயர்லெஸ் அதைவிடக் கொஞ்சம் அதிகம். தமிழ்நாட்டிலும் கேரளாவிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை.

அந்த வாரம் எங்கள் ஆபீஸில் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. அவருடைய சித்தப்பா கடலில். டிசம்பர் முதல் வாரத்தில் மகாராஷ்டிராவின் தேவ்கட் துறைமுகத்தில் 68 படகுகள், 952 மீனவர்கள் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று இரவே பஸ் ஏறிவிட்டார். அந்தப் படகுகளில் சித்தப்பா இல்லை. லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கிறார் என்று மேலும் சில நாள் கழித்துத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவர் வரவில்லை. அடுத்த வருடம் சித்தப்பா புனே வந்தபோது நான் கூண்டு, எண் என்று என் படிப்பையெல்லாம் எடுத்து விட்டேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நாங்க கெடந்தது நூறு மைலுக்கு அந்தப் பக்கம். நீங்க ஏத்துன கூண்ட எங்க இருந்து பாக்க?" என்றார்.

ஓக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி கரையிலிருந்து எவ்வளவு தூரத்திலும் செய்தியை வாங்கும், செல்ஃபோனில் நம் மொழியிலேயே காட்டும். ஆனால் வாங்க மட்டும்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. இருபக்கமும் பேசக்கூடிய கருவியை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் பக்கத்துப் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே வருடம் நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது, அது புயலாகுமா ஆகாதா என்று கணிப்பே இரண்டு மூன்று நாள் இப்படியும் அப்படியும் மாறியது. கடைசியில் நவம்பர் 30 அன்று புயலாகவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கணிப்பு தடுமாறிய அந்த நாட்களிலும் மீனவர்களுக்கான தடை மட்டும் தளரவில்லை, படகுகள் கரையில் இருந்தன.

ஃபெஞ்சல் சமயத்தில் அந்தச் சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தேன். படகு கரையில்தான் இருந்தது. அந்த மாதத்தில் எத்தனை நாள் தொழில் போயிற்று என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார், டீசல் கடனையும் சேர்த்து. பிறகு, புனேயில் குளிர் எப்படி என்று கேட்டார்.