ஈரத் தட்டும் மலைத்தோட்டத்து முகமும்: ஜூலியா மார்கரெட் கேமரனின் நிழற்பட முறை

1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்திற்குப்பின் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களிற் சில வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் குடியமர்ந்தமையால், டிக்கோயா, பொகவந்தலாவை என்னும் பெயர்கள் இவ்வூர் லயங்களுக்கு அந்நியமானவை அல்ல. அந்தப் பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயக் கல்லறையிலேதான், நிழற்படக் கலையின் சரித்திரத்தில் முதல் வரிசையில் வைத்தெண்ணப்படும் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய படங்களிற் காணும் மங்கலையும் ஆழ்ந்த நிழலையும் கவியுள்ளத்தின் விளைவென்று சொல்லி அமைந்துவிடுவது வழக்கம். வில்லை, கண்ணாடித் தட்டு, இரசாயனம், காலம் ஆகியவை விதித்த நிர்ப்பந்தங்களை ஏற்று, அவற்றையே சௌந்தரியமாக்கிக்கொண்டதில்தான் அப்பாணி பிறந்தது என்பதும், அது இலங்கைக்கு வந்தபோது தன் இயல்பை இழந்து வேறொன்றாயிற்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த கேமரன், நாற்பத்தெட்டாம் வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த காமிராவைக் கொண்டே இக்கலையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் இல்லத்தில் நிலக்கரிக் கொட்டடி இருட்டறையாயிற்று. கோழிக்கூண்டு கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாயிற்று. 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் முகம் தட்டில் செவ்வனே பதிந்தபோது, அதனையே தம் முதல் வெற்றியாக அவர் குறித்துக்கொண்டார்.

அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் முறையின் சிரமத்தை இக்காலத்தவர் உணர்வது அரிது. வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்து, அயோடைடு உப்புச் சேர்த்த பசைநீரைத் துடைத்த கண்ணாடியின் நடுவில் ஊற்றி, மூலைக்கு மூலை சாய்த்துச் சாய்த்துப் பரப்பி, எஞ்சியதை ஒரு மூலை வழியாகப் புட்டியில் வடித்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலர்வதற்குள் காமிராவிற் செருகிப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுபோய் உருத்துலக்க வேண்டும்; இவ்வளவும் சில நிமிஷங்களுக்குள் முடியவேண்டும். வெள்ளி நைட்ரேட்டின் கரை விரல்களில் மட்டுமன்றி ஆடைகளிலும் ஏறிவிடும். கேமரனின் தட்டுகளில் விரற்பதிவும், பசை ஓடிய கோடும், தூசியும் காணப்படுவதைப் பத்திரிகை விமர்சகர் கையாலாகாமை என்று இகழ்ந்தனர். ஓவியர் வாட்ஸ் முதலானோர் அப்படங்களைப் போற்றினர். ஓவியர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மங்கலின் காரணம் வில்லையில் இருக்கிறது. முதலில் அவரிடமிருந்தது ஜாமின் என்னும் பிரெஞ்சு வில்லை. சில ஆண்டுகளுக்குள் 15க்கு 12 அங்குலத் தட்டுக் கொள்ளும் பெரிய காமிராவையும், டால்மேயர் செய்த 30 அங்குலக் குவியத் தூர வில்லையையும் அவர் மேற்கொண்டார். அத்துணை நீண்ட வில்லையை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தால் கண் தெளியும்போது காது மங்கும். காது தெளியும்போது மூக்கு கரையும். பிறர் வில்லையின் திறப்பைச் சுருக்கியும், ஆளைத் தள்ளி உட்காரவைத்தும் இக்குறையைத் தவிர்த்தனர். கேமரனோ குவியத்தைத் திருகிக்கொண்டே போகையில் பிம்பம் தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவார். பெரிய தட்டுக்கு மூன்று முதல் ஏழு நிமிஷம் வரை ஒளி காட்ட வேண்டியிருந்தமையால், மூச்சின் அசைவும் இமையின் நடுக்கமும் படத்திற் கலந்தன. அக்காலத்தில் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரதியெடுக்கும் வழக்கம் அரிது. முட்டை வெண்கருப் பூசிய தாளைத் தட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தே பிரதி எடுத்தனராகலின், முழு உருவளவான தலையை விரும்பியவர் அத்துணைப் பெரிய தட்டையே சுமந்தாக வேண்டும்.

ஒளியை அவர் ஆண்ட விதத்துக்கு 1867இல் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷெலின் படம் சிறந்த பிரமாணம். வெள்ளி உப்புப் படங்களை ஹைப்போவால் நிலைப்படுத்தலாம் என்று உலகுக்கு உணர்த்தியவர் அவரே. உடலைக் கரிய துணியாற் போர்த்தி, நரைத்த தலைமயிரைக் கழுவிக் கலைத்துவிட்டு, ஒரு புறத்திலிருந்து மட்டும் ஒளியைப் படியவிட்டதனால், இருளிலிருந்து ஒரு முகம் எழுந்து வருவதாகவே தோன்றுகிறது.

கணவர் சார்லஸ் ஹே கேமரன், 1830களின் தொடக்கத்தில் இலங்கை நிர்வாகத்தை ஆராய்ந்த கோல்புரூக்–கேமரன் விசாரணைக் குழுவினருள் ஒருவர். அங்கே காப்பித் தோட்டங்களை வாங்கியவர். 1875இல் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. கேமரனின் படைப்பெனப் பட்டியலிடப்பட்ட 1,200க்கு மேற்பட்ட படங்களில் இலங்கையில் எடுத்தவை ஏறத்தாழ முப்பதே. அங்குள்ள வெப்பத்தில் ஈதர் விரைந்து ஆவியாகும். பூசிய தட்டு உலர்ந்துபோகும். கழுவுதற்குத் தூய நீர் குடங்குடமாய் வேண்டும். மேலும் கொலோடியன் நீலவொளியையே பெரிதும் கிரகிப்பதாகலின், மாநிறத் தோல் கண்ணுக்குத் தோன்றுவதைவிட இருண்டும், வெள்ளைத் துணி ஒளிர்ந்தும் பதியும்.

1878ஐச் சேர்ந்த களுத்துறைக் குடியானவர் படத்தில் மூவர் நேராக நிற்கின்றனர். ஹெர்ஷெலின் முகத்தைச் சூழ்ந்த இருளும் இல்லை, அந்த அண்மையும் இல்லை. படத்தின் கீழ்க் குறிப்பு, பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது என்றும், தந்தையெனச் சொல்லிக்கொண்ட முதியவர் தமக்கு நூறு வயது என்றதாகவும் கூறுகிறது, பெயர்களைக் கூறவில்லை. 1877இல் அதே களுத்துறையில் விருந்தினராய் வந்து படத்துக்கு அமர்ந்த ஓவியர் மரியான் நார்த்தோ பெயரோடு நிற்கிறார். ஒருவனுடைய முதுகின் அழகில் மயங்கிய கேமரன் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார் என்று நார்த் எழுதியிருக்கிறார். அவன் பெயரும் அதில் இல்லை.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் கேமரன் காலமானார். அச்சமயத்தில் ஜெலட்டின் உலர் தட்டுகள் பரவத் தொடங்கி, நிமிஷக்கணக்கான காத்திருப்பை விநாடிக்கும் குறைவாக்கிவிட்டன. அவருடைய இலங்கைப் படங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் என்று கருதப்படுவோரை இனி அடையாளங்காண வழியுண்டாயின், அது பெயரேட்டில் இல்லை. தட்டு காத்து வைத்திருக்கும் காதணியையும், மூக்குத்தியையும், சேலைக்கட்டையும், மலைநாட்டுக் குடும்பங்களின் மூதாட்டியரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் இருக்கிறது.